குப்பம்மா அக்காவின் மாத்திரை டப்பா

1. கத்தரிக்கோல்

மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மெடிக்கலில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், கடை ஓனர் காதர் பாய் என் கையில் கொடுத்த முதல் பொருள் ஒரு கத்தரிக்கோல்.

என் டி.பார்ம் சான்றிதழைக் கண்ணாடி போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்தோம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான்தான். அப்பா கல் குவாரி வேலைக்குப் போகிற வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று அந்தச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறிப் போனார். கடைக்குள் வரவில்லை. வேலை நேரத்தில் தொந்தரவு செய்யக்கூடாதாம்.

பாய் சொன்னார்: "முருகேசா, முழு அட்டையா வாங்கறவங்க இங்க கம்மி. மூணு நாளைக்குக் குடு, அஞ்சு நாளைக்குக் குடுன்னுதான் கேப்பாங்க. மொதல்ல வெட்டக் கத்துக்க. நீ படிச்சதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

நான் இடக்கைக்காரன். கத்தரிக்கோலோ வலக்கைக்குச் செய்தது. எவ்வளவு நிதானமாக வெட்டினாலும் மாத்திரை அட்டையின் ஓரம் கோணலாக இறங்கிவிடும். "என்னடா இது, எலி கடிச்ச மாதிரி" என்பார் பாய். கூட்டம் இல்லாத நேரத்தில் என் அட்டையையும் அவர் வெட்டிய அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிச் சிரிப்பார். இந்தக் கோணல் பின்னால் எனக்கே சாட்சியாக வந்து நிற்கும் என்று அப்போது தெரியாது.

புதிதாகக் கவுண்டருக்கு வரும் தம்பி, தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். அட்டையை வெட்டும்போது மருந்துப் பெயரும் எக்ஸ்பயரி தேதியும் உள்ள பக்கம் கடையிலேயே தங்கிவிடும். மிச்சத்தை விற்க நமக்கு அது வேண்டும். வாங்குகிறவர் கைக்குப் போவது பேர் இல்லாத வெள்ளித்தாள். நாலு மாத்திரையைச் சின்னக் காகிதக் கவரில் போட்டு, மேலே பேனாவால், காலையில் மட்டும் ஒன்று என்பதற்கு 1–0–0 என்று எழுதிக் கொடுத்துவிடுவோம். வீட்டுக்குப் போனதும் கவர் கிழிந்துபோகும். அட்டை மட்டும் இருக்கும். அது என்ன மாத்திரை என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. எங்கள் அம்மாவும் அப்படித்தான். மாத்திரையை நிறம் பார்த்துத்தான் சொல்வாள். அது தெரிந்திருந்தும் நான் வெட்டினேன்.

2. எட்டு விநாடி

மாதையன் அண்ணன் ஊருக்கு வெளியே ஒன்றரை ஏக்கரில் தக்காளி போடுகிறவர். சர்க்கரைக்கு ஒரு மாத்திரை, பிரஷருக்கு ஒரு மாத்திரை என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். பத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை சீட்டோடு வருவது அவர் மனைவி குப்பம்மா அக்கா. "வெள்ளை சக்கரைக்கு, மஞ்சா பிரசருக்கு. சரிதான தம்பி?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டுதான் பையில் போடுவார்.

ஒரு சந்தை நாள். கவுண்டரில் மூன்று வரிசைக்குக் கூட்டம். அக்காவின் வெள்ளை மாத்திரை ஸ்டாக் இல்லை. அதே மருந்து, அதே அளவு, வேறு கம்பெனியுடையது இருந்தது. நிறம் மட்டும் ரோஸ். எடுத்துக் கொடுத்தேன்.

"இது ரோசா இருக்குதே தம்பி?"

"கம்பெனி வேறக்கா. மருந்து ஒண்ணுதான். தைரியமாப் போடச் சொல்லுங்க."

"காலைல ஒண்ணுதான?"

"ஆமாக்கா, காலைல ஒண்ணு."

எல்லாம் சேர்த்து எட்டு விநாடி இருக்கும். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் கேட்க வேண்டிய ஒன்றை நான் கேட்கவில்லை: வீட்டில் பழைய வெள்ளை மாத்திரை மிச்சம் இருக்கிறதா?

3. முட்டிக்கு மட்டும்

இரண்டு வாரம் கழித்துக் குப்பம்மா அக்கா வந்தார். முகம் சரியில்லை.

"முட்டிச் செராய்ப்புக்கு மட்டும் மருந்து குடு தம்பி. சக்கரைக்கு இனி வேணாம்."

"ஏக்கா?"

"அந்தாளு வேணாங்கறாரு. மானம் போச்சுங்கறாரு."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வந்தது. விடியற்காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு, ஒன்றும் சாப்பிடாமல், தக்காளிக் கிரேட்டுகளோடு வண்டி ஏறிப் பாலக்கோட்டு மண்டிக்குப் போயிருக்கிறார் மாதையன் அண்ணன். ஏலம் நடக்கும்போது உடம்பெல்லாம் வேர்த்திருக்கிறது. கை நடுங்கியிருக்கிறது. பேச்சுக் குழறியிருக்கிறது. தள்ளாடிக் கிரேட்டின்மேல் விழுந்திருக்கிறார். வாழ்நாளில் ஒரு சொட்டு குடிக்காத மனுசனைப் பார்த்து, "மாதையா, பொழுது விடியறதுக்குள்ளயே ஏத்திட்டியா?" என்று ஒருவர் கேட்க, சுற்றி நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். ஒரு டிரைவருக்கு மட்டும் சந்தேகம் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். சர்க்கரை நாற்பதுக்குப் பக்கம் இறங்கிக் கிடந்தது. குளுக்கோஸ் ஏற்றி, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். "மூணு நாள் கழிச்சு, வூட்ல இருக்கற எல்லா மாத்திரையவும் எடுத்துக்கிட்டு வாங்க, பாத்துட்டுச் சொல்றேன்" என்றாராம் டாக்டர்.

"மூணு நாள் ஆச்சாக்கா?"

"ஆறு நாள் ஆச்சு. போனாத்தான? ஆஸ்பத்திரியும் வேணாம், மாத்திரையும் வேணாம், சக்கரையிலயே சாவறேன், குடிகாரன்னு பேர் வாங்கிக்கிட்டு வாழ மாட்டேங்கறாரு. நேத்து டப்பாவத் தூக்கிக் கெணத்துல போடப் போனாரு. நாந்தான் புடுங்கி வெச்சேன்."

ஆறு நாளாக மாத்திரையே இல்லாமல் இருக்கிறார் என்றால் இப்போது சர்க்கரை எங்கே ஏறி நிற்கும் என்று எனக்குத் தெரியும். அவருடைய இடது காலில் ஒரு தடவை ஆறாத புண் வந்து, எத்தனை மாதம் நான் பஞ்சும் துணியும் கொடுத்தேன் என்பதும் நினைவுக்கு வந்தது.

"மத்தியானம் நான் வூட்டுக்கு வரேங்கா. டப்பாவ மட்டும் யாரும் தொடாமப் பாத்துக்கங்க."

பாய் மொபெட் சாவியை எடுத்துக் கொடுத்தார். "சாயங்காலக் கூட்டத்துக்குள்ள வந்துருடா. என்னை ஒத்தையா மாட்டி விட்றாத" என்றார்.

4. சாமி அலமாரி

டப்பா சாமி அலமாரியில் இருந்தது. ஏதோ கல்யாணத்தில் ஐஸ்கிரீம் வந்த பெரிய பிளாஸ்டிக் டப்பா. வீட்டிலேயே சுத்தமான இடம் அதுதான், அழுக்குக் கையோடு யாரும் தொடமாட்டார்கள் என்று அக்கா அங்கே வைத்திருந்தார். அவர் நினைத்தது தப்பில்லை. ஆனால் கீழே விளக்கு எரிகிறது. டப்பாவின் அடிப்பக்கம் சூட்டில் மஞ்சளித்து வளைந்திருந்தது. உள்ளே குங்குமம் கொட்டி எல்லா அட்டையும் சிவந்து கிடந்தது.

மாதையன் அண்ணன் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

தரையில் ஒரு துண்டை விரித்து டப்பாவைக் கவிழ்த்தேன். இருமல் மருந்து ஒன்று, பாதி தீர்ந்தது, மூடி ஒட்டிக்கொண்டு திறக்க வரவில்லை. எப்போதோ திறந்த கண் சொட்டு மருந்து. வெள்ளித்தாளிலிருந்து பிதுக்கி எடுத்துக் காகிதத்தில் பொட்டலம் கட்டிய ஏழெட்டு மாத்திரைகள்; ஈரம் பட்டு ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு மாத்திரை.

"இது யாருக்குக்கா?"

"அது லச்சுமிக்கு. கன்னு போட்டப்ப டாக்டர் குடுத்தாரு, மிச்சம்."

லட்சுமி அவர்களுடைய மாடு. "நல்லவேளை, இத முழுங்க யாராலயும் முடியாது" என்றேன். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. கட்டிலில் இருந்த முதுகு அசையவில்லை.

அடுத்து வந்தது ஒரு குழந்தைக் காய்ச்சல் சிரப் பாட்டில். அதன் தலையில் கவிழ்த்து வைத்திருந்த மூடி பாட்டிலோடு வந்தது இல்லை. பச்சை நிறம், உள்ளே மில்லி கோடு போட்டது. தக்காளிக்கு அடிக்கும் பூச்சி மருந்தோடு வருகிற அளவு மூடி.

"இது எப்படிக்கா இங்க?"

"அதோட மூடி தொலைஞ்சிருச்சு. இதுலயும் கோடு இருக்குதேன்னு நல்லா சோப்புப் போட்டுக் கழுவித்தான் தம்பி வெச்சேன். அடுத்த மாசம் பேரன் வரான். அவனுக்கு எப்பவும் சளி புடிக்கும்."

"இதுல இன்னும் ஊத்திக் குடுக்கல இல்ல?"

"இல்ல, இப்பத்தான் எடுத்து வெச்சேன்."

"எத்தன தடவ கழுவினாலும் இது புள்ளைக்கு ஆகாதுக்கா."

அக்கா அந்த மூடியைக் கையில் வாங்கி ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு எழுந்துபோய் வாசலுக்கு வெளியே, வண்டிக் கொட்டகைப் பக்கம் வைத்துவிட்டு வந்து, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

கடைசியாகச் சர்க்கரை மாத்திரைகள். ரோஸ் அட்டை ஒன்று, பாதி தீர்ந்திருந்தது. அதோடு ரப்பர் பேண்டில் சேர்த்துக் கட்டி, வெள்ளை மாத்திரை ஒரு துண்டு. அதில் இரண்டு மிச்சம். பேர் கிடையாது, தேதி கிடையாது. ஓரம் கோணல். எலி கடித்த மாதிரி.

"அக்கா, காலைல அண்ணனுக்கு என்னென்ன எடுத்துக் குடுப்பீங்க?"

"வெள்ளை ஒண்ணு, ரோசு ஒண்ணு, மஞ்சா ஒண்ணு. நீதான சொன்ன, காலைல ஒண்ணுன்னு. வெள்ளை தீந்ததும் ரோசு மட்டும் குடுக்கலாம்னு இருந்தேன். பாதியில எப்படித் தூக்கிப் போடறது?"

ஒரே மருந்து, தினமும் இரண்டு. அதையும் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு மண்டிக்கு.

அந்த இடத்தில் எனக்கு இரண்டு வழி இருந்தது. உண்மையாகச் சொல்கிறேன், முதல் வழியையும் நினைத்துப் பார்த்தேன். "நீங்க ரெண்டு போட்டுட்டீங்க, இனிமே ஒண்ணு போடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். அதைக் கேட்டு அந்த அக்கா, தன் கையால் புருசனைச் சாய்த்துவிட்டோம் என்று சாகும்வரை நினைத்துக்கொண்டிருப்பார். எழுதப் படிக்கத் தெரியாததுதான் தப்பு என்றும் நினைப்பார். என் அம்மா அப்படி நினைக்கிறவள்.

"அண்ணா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க" என்றேன். "இந்த வெள்ளையும் இந்த ரோசும் ஒரே மருந்து. ஒண்ணுக்குப் பதிலாத்தான் இன்னொண்ணு. ரெண்டும் சேர்ந்ததுலதான் உங்களுக்குச் சக்கரை ஒரேயடியா எறங்கிருச்சு. பழச நிறுத்திட்டுப் புதுசப் போடுங்கன்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லல. வெள்ளை அட்டையில பேர் இருந்த பக்கத்த வெட்டிக் கடையில வெச்சுக்கிட்டதும் நாந்தான். இந்த வெட்டு என் கை வெட்டு."

அவர் எழுந்து உட்கார்ந்தார். அட்டையை வாங்கிக் கோணல் ஓரத்தை விரலால் தடவினார்.

"அப்ப எனக்குக் குடிகாரன்னு பேர் வாங்கிக் குடுத்தது நீயா?"

"ஆமாண்ணா."

குப்பம்மா அக்கா வெடித்தார். "படிச்ச புள்ளையாச்சேன்னு நாலு கடை தாண்டி உன்ட்ட வந்தா, நீ இப்படியா பண்ணுவ? ஒரு வார்த்த சொன்னா வாய் தேஞ்சா போயிருக்கும்? எனக்குத்தான் எழுத்துத் தெரியாது, உனக்கு வாயுமா இல்ல?"

துண்டின்மேல் கிடந்த மாத்திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா மூச்சு வாங்கி நின்றபின் அண்ணன் கேட்டார்:

"இத மண்டியில வந்து சொல்லுவியா?"

"எதண்ணா?"

"இப்பச் சொன்னியே, அத. சிரிச்சானுங்களே, அவனுங்க முன்னாடி. சொன்னீன்னா டாக்டர்ட்ட வரேன். இல்லாட்டி இந்த டப்பா கெணத்துக்குத்தான்."

"சொல்றேண்ணா. ஆனா மொதல்ல இன்னைக்கே டாக்டர். அப்புறம் மண்டி."

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தார். "சட்டையப் போட்டுக்கிட்டுக் கெளம்புங்க" என்றார் அக்கா.

5. பாயின் கவலை

டாக்டர் இரண்டு அட்டைகளையும் பார்த்தார். ரத்தம் சோதித்தார். சர்க்கரை நன்றாக ஏறியிருந்தது. "நல்லவேளை, இப்பவாச்சும் வந்தீங்க" என்று, சர்க்கரைக்கு ரோஸ் மாத்திரை ஒன்று மட்டும், அதையும் சாப்பாட்டோடு என்று எழுதிக் கொடுத்தார்.

பாயிடம் மண்டி விஷயத்தைச் சொன்னதும் அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"ஊர்ல இருக்கறவன் எல்லாம் சேர்ற இடத்துல போய், எங்க கடையில தப்புப் பண்ணிட்டோம்னு மைக் புடிச்சுச் சொல்லப் போறியா? நாளைக்கு இந்தப் படி ஏறுவானா எவனாவது?"

"கடை பேரச் சொல்லல பாய். என் பேரத்தான் சொல்லப்போறேன்."

"நீ எந்தக் கடையில நிக்கறன்னு அவங்களுக்குத் தெரியாதா? பெரிய ரகசியம்!"

இன்வாய்ஸ்களை எடுத்து அடுக்கினார். பிறகு, "அன்னைக்கு ஸ்டாக் இல்லாமப் போனது என் தப்பு. நாந்தான ஆர்டர் போட மறந்தேன். அதையும் சேத்துச் சொல்லித் தொலை" என்றார்.

மறுநாள் விடிந்ததும் மாதையன் அண்ணனோடு மண்டிக்குப் போனேன். வயிற்றுக்குச் சாப்பிட்டுவிட்டுத்தான் வண்டி ஏறினார்; அதை நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். டீக்கடை முன்னால் ஏழெட்டுப் பேர். அன்று கேலி செய்தவர், கமிஷன் கடைச் சின்னசாமி, டம்ளரோடு நின்றிருந்தார்.

"என்ன மாதையா, இன்னைக்கு நேரா நிக்கற?"

கல்லூரியில் செமினார் எடுக்கக்கூட நடுங்கியவன் நான். இருந்தாலும் சொன்னேன். நான் மெடிக்கலில் இருக்கிறவன், ஒரே மருந்தை இரண்டு நிறத்தில் கொடுத்துப் பழையதை நிறுத்தச் சொல்லாமல் விட்டேன், சர்க்கரை தாழ்ந்தால் குடித்தவன் மாதிரித்தான் தள்ளாடும், பேச்சுக் குழறும், அண்ணன் அன்று குடிக்கவில்லை, செத்துப் பிழைத்தார் என்றேன். பாய் ஆர்டர் போட மறந்ததையும் விடாமல் சேர்த்துச் சொன்னேன்.

யாரும் சிரிக்கவில்லை. சின்னசாமி டம்ளரைக் கீழே வைத்தார். "மாதையா, தெரியாமச் சொல்லிட்டேன்யா" என்றார். மாதையன் அண்ணன், "அதுக்கென்ன, ஒரு டீ சொல்லு. சக்கரை போடாம" என்றார். அப்போது எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை அவரும்.

சின்னசாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, எங்க வூட்லயும் ரெண்டு கலர் இருக்குது. ஒண்ணு கவருமெண்ட் ஆஸ்பத்திரியில குடுத்தது, ஒண்ணு வெளிய வாங்குனது. ரெண்டையுந்தான் போடறேன். கொண்டாந்தா பாப்பியா?"

6. காலி அட்டை

அந்த வாரத்தில் மட்டும் மஞ்சப்பை, பிஸ்கட் டின், பவுடர் டப்பா என்று மண்டிக்காரர்கள் கொண்டுவந்து கவுண்டரில் கொட்டினார்கள். பாய் முதலில் தலையில் கைவைத்தார். பிறகு கடை ஓரத்தில் ஒரு டேபிள் போட்டு, மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் பார்க்கலாம் என்று அவரே எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்தார். தேதி முடிந்ததையும் பேர் தெரியாததையும் நாங்களே வாங்கி, கடையின் எக்ஸ்பயரி பெட்டியில் போட்டுக்கொள்கிறோம். எருக்குழியிலும் கிணற்றிலும் போய் விழுவதைவிட அது மேல்.

அந்த டேபிளில் நான் தினமும் சொல்வது இவ்வளவுதான். மாத்திரையை அட்டையை விட்டுப் பிரித்து வைக்காதீர்கள். அடுப்பு மேடை, ஜன்னல், விளக்கு, டிவி, பிரிட்ஜின் தலை, இந்த இடங்கள் சூடு, வேண்டாம். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பீரோவிலோ பெட்டியிலோ வைத்துப் பூட்டுங்கள். இன்சுலின் மட்டும் பிரிட்ஜுக்குள், ஐஸ் உறையும் இடத்தில் இல்லாமல். திறந்த கண் சொட்டு ஒரு மாதத்துக்குமேல் வேண்டாம். மாட்டு மருந்துக்குத் தனி இடம். பூச்சி மருந்தும் அதன் மூடியும் வீட்டுப் படி ஏறவே கூடாது. காய்ச்சல் மாத்திரை நாலு, உப்புக் கரைசல் பவுடர், பஞ்சு, கட்டுத்துணி, காயத்துக்குக் களிம்பு, இவ்வளவு இருந்தால் ஒரு வீட்டுக்குப் போதும். போன காய்ச்சலுக்கு எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக் மிச்சத்தை இந்தக் காய்ச்சலுக்கு எடுக்காதீர்கள்.

என் பக்கத்தில் இரண்டு மாற்றம். வெட்டும்போது ஒவ்வொரு துண்டுக்கும் மருந்துப் பெயரும் தேதியும் எழுதிய ஸ்டிக்கரை நான் ஒட்டுகிறேன். கம்பெனி மாறினால், பழையது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் கவரை நீட்டுகிறேன்.

போன மாதம் ஒரு சந்தை நாள். மறுபடி மூன்று வரிசைக்குக் கூட்டம். குப்பம்மா அக்கா சீட்டை நீட்டினார். அன்று வந்திருந்தது இன்னொரு கம்பெனி, மாத்திரை இளநீலம். பின்னால் இருந்து இரண்டு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் வேகத்தில் வெட்டிக் கவரில் போட்டு நீட்டிவிட்டேன். கேட்கவில்லை. ஸ்டிக்கரும் ஒட்டவில்லை.

அக்கா கவரைப் பிரித்துப் பார்த்தார். நகரவில்லை. மடியிலிருந்து ஒரு காலி அட்டையை எடுத்துக் கவுண்டர்மேல் வைத்தார். ரோஸ் அட்டை. பத்துக் குழியும் காலி.

"கலரு மாறியிருக்குது. இந்தா, பழசு தீந்துபோச்சு. வூட்ல ஒண்ணு கூட மிச்சமில்ல. நீ கேக்காட்டியும் நான் சொல்லணுமில்ல?"

பின்னால் இருந்தவர், "சீக்கிரம் நவுரும்மா" என்றார்.

"இரு சாமி. இங்க அவசரப்பட்டுத்தான் எங்க வூட்டுக்காரரு மண்டியில உளுந்தாரு." பிறகு என் பக்கம் திரும்பி, "ஸ்டிக்கர் எங்க தம்பி? எழுது. எனக்குப் படிக்கத் தெரியாட்டி என்ன, பக்கத்து வூட்டுப் புள்ள படிச்சுச் சொல்லும்" என்றார்.

கல்லாவில் இருந்த பாய் எங்கோ பார்த்தபடி சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். நான் ஸ்டிக்கரை எடுத்தேன். வரிசையில் நின்ற இன்னொரு அம்மா, தன் பைக்குள் கைவிட்டு ஒரு காலி அட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.

படிப்பு எனக்கு மருந்துகளின் பேரைக் கற்றுக்கொடுத்தது. அவசரத்தில் அதுவும் மறந்துபோகும். நம் எதிரில் நிற்கிறவருக்கு நம்மைத் தடுத்து நிறுத்திக் கேட்கும் தைரியத்தைக் கொடுத்து வைத்திருந்தால், நாம் மறந்த நாளில் அவர் நம்மைக் காப்பாற்றுவார். அந்தக் காலி அட்டை இன்னும் என் டிராயரில், கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.